திங்கட்கிழமை டேவிட்டுக்கு லீவு

மே 26, 2024, ஞாயிறு: வெனிஸிலிருந்து பிராத்தோ

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி இன்று ஏழாவது நாள். குழுவில் 38 பேர். அதற்குள் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யார் மருமகள் எப்படி என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. நானும் அக்காவும் பஸ்ஸில் நடு வரிசை. எங்களுக்கு முன் சீட்டில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு கிரானைட் வியாபாரி. மனைவி போனபிறகு மகள் வற்புறுத்தி அனுப்பிவைத்த பயணமாம். ஏழு நாளும் அவர் எந்த ஊரிலும் முதலில் பார்த்தது தரையைத்தான். "இது இங்கத்துக் கல்லு இல்லீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

வெனிஸிலிருந்து பிளாரன்ஸுக்கு 260 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் பஸ்ஸை நிறுத்தினால் டிரைவர் 45 நிமிடத்துக்குக் குறைந்து எடுக்கமாட்டார். நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்பது ஐரோப்பியச் சட்டம். அதை மீறினால் வண்டியிலிருக்கும் கருவி பதிந்துவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஆட்கள் பின்னாலிருந்து "போலாம் ரைட்" என்றால் அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

நெடுஞ்சாலைக் கடையில் காபி வாங்கும் முறை நம் ஊர் டோக்கன் கணக்குதான். முதலில் கல்லாவில் காசு, பிறகு சீட்டை மேடையில் வைத்தால் காபி. இது தெரியாமல் பத்து பேர் மேடை முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தோம். மேடைக்குப் பின்னால் இருந்த பையன் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லாவைக் கையால் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தான்.

பயணத்திட்டத்தில் 'பிளாரன்ஸில் தங்கல்' என்று போட்டிருந்தது. தங்கியது பிராத்தோவில். பக்கத்து ஊர், ரயிலில் அரைமணிகூட ஆகாது. அறையில் தண்ணீர் சுடவைக்கக் கெட்டில் கிடையாது. மூன்றாம் மாடியில் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரைச் செருகினார். மாடி முழுக்கக் கரண்ட் போனது. வரவேற்பிலிருந்த பெண் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி மோந்து பார்த்தாள். சாதம் வாசனை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

இரவு உணவு, ஏழாவது நாளாக, இந்திய உணவகத்தில் பனீரும் பருப்பும். இத்தாலியில் இருக்கிறோம் என்பதற்கு மேஜையில் இருந்த ஆலிவ் எண்ணெய் மட்டுமே சாட்சி.

மே 27, திங்கள்: பார்த்ததெல்லாம் நகல்

காலை ஒன்பது மணிக்குப் பிளாரன்ஸில் உள்ளூர் வழிகாட்டி அம்மா மடக்கிய மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அறுபது வயதிருக்கும். எங்கள் எல்லோர் காதிலும் ஒரு கருவியை மாட்டிவிட்டு, முதல் வார்த்தையாக, "இன்று என்ன கிழமை என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. உஃபீசி ஓவியக் கூடத்துக்கும் விடுமுறை. அக்காதெமியாவில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையைப் பார்க்கத்தான் பாதிப் பேர் இந்த நாளுக்குக் காத்திருந்தோம். சுவிட்சர்லாந்தில் ஹோட்டல் கிடைக்காமல் திட்டம் ஒருநாள் தள்ளிப்போனபோது, ஞாயிறு போட்டிருந்தது திங்களாக மாறியிருக்கிறது. யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. எங்கள் டூர் மேனேஜர் தம்பிக்கு 26 வயது. முகம் வெளுத்துப்போய், "பேசிப் பாக்கறேங்க, பேசிப் பாக்கறேங்க" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்தான். பாவம், அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

உஃபீசி எங்கள் திட்டத்தில் முதலிலிருந்தே 'வெளியிலிருந்து பார்த்தல்'. இந்தச் சொல்லைக் குழுப் பயணம் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே நன்றாகப் படித்துக்கொள்ளவும். பொட்டிச்செல்லி வரைந்த வீனஸ் உள்ளே இருப்பாள், நாம் வெளியே தூணோடு படம் எடுத்துக்கொள்வோம். உஃபீசி என்றால் அலுவலகங்கள் என்று பொருளாம். இந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்து கோசிமோவுக்காக 1560இல் அரசு அலுவலகம் வைக்கக் கட்ட ஆரம்பித்த கட்டடம். அந்த வம்சத்தின் கடைசிப் பெண் ஆன்னா மரியா லூயிசா 1737இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்: குடும்பம் சேர்த்த ஓவியம், சிலை எதையும் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அது இல்லாவிட்டால் இந்த ஊரில் பார்க்க பாதிதான் மிஞ்சியிருக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம்.

கதீட்ரல் வாசலில் எங்கள் கிரானைட்காரர் உயிர்பெற்றுவிட்டார். வெள்ளைக் கல் கராராவிலிருந்து, பச்சை பிராத்தோவிலிருந்து, சிவப்பு மாரெம்மாவிலிருந்து என்று வழிகாட்டி சொன்னார். "பிராத்தோவா? நாம தூங்கின ஊருங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவரருகே போய் மூக்கு முட்ட நின்றார். கோயிலை 1296இல் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் வாய்பிளந்து பார்த்த அந்த முகப்பு 1887இல்தான் முடிந்ததாம்.

மேலே குவிமாடம். புருனெல்லெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் முடித்தது. 40 லட்சம் செங்கல்லுக்கு மேல். அடியிலிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுக்காமல் கட்டியது என்று காதுக்கருவியில் கேட்டதும், "சென்ட்ரிங் இல்லாமலா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, சொல்லே ஆங்கிலம்தானே. வழிகாட்டி அம்மாவுக்கு அன்று காலையில் முதல்முறையாக முகம் மலர்ந்தது. செங்கல்லைப் படுக்கை வரிசையாக மட்டும் வைக்காமல் நடுநடுவே செங்குத்தாக மீன்முள் மாதிரி செருகிக்கொண்டே போனால், ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் கல் உள்ளே சரியாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு, நடுவில் ஆள் ஏறப் படி. ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். இதைச் செய்தவன் தொழில் கற்றதோ பொற்கொல்லரிடம். பத்து நிமிடம் இரண்டு பேரும் கையால் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீதி 37 பேரும் குடை நிழலுக்கு நகர்ந்தோம். மேலே ஏற 463 படி, லிஃப்ட் இல்லை. எங்கள் குழுவின் முழங்கால்கள் அதை ஒருமனதாக நிராகரித்தன.

எதிரே ஞானஸ்நானக் கோயிலில் சிற்பி கிபெர்த்தியின் தங்கக் கதவு. 27 வருட வேலை. நாங்கள் எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுத்து முடித்தபிறகு அந்த அம்மா மெதுவாக, "இது நகல். அசல் பின்னால் மியூசியத்தில் இருக்கிறது" என்றார்.

அதிலிருந்து அது ஒரு நோயாகிவிட்டது. சந்தையில் வெண்கலக் காட்டுப்பன்றி, மூக்கைத் தேய்த்தால் திரும்ப இந்த ஊருக்கு வருவோமாம். தேய்த்தோம். நகல். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் டேவிட், 1910இல் வைத்தது. நகல். பக்கத்தில் தொனாத்தெல்லோவின் சிங்கம். நகல். நாங்கள் கேட்டதில் கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸ் ஒருவன்தான், மெதூசாவின் தலையைத் தூக்கிக்கொண்டு, அசல். அவன் நிற்கும் பீடத்தைக் காட்டி "இது?" என்று அக்கா கேட்டாள். நகல். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கால்வலிக்கு உட்காரலாம் என்று சதுக்கத்தோரக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தோம். மூன்று காபிக்கு 15 யூரோ, அதாவது 1,350 ரூபாய். அதே ஊரில் மேடை ஓரமாக நின்று குடித்தால் ஒரு காபி 1.30 யூரோதான் என்று மதியம் தெரிந்தது. காபிக்கு விலை கம்மி, நாற்காலிக்குத்தான் வாடகை. தண்ணீராவது ஆறுதல் தந்தது. நெப்டியூன் நீரூற்றுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு குழாய், காசில்லை. ஒரு பொத்தானில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் நுரைக்கும் சோடா. அரசாங்கம் இலவசமாக சோடா தருகிறது என்பதை நம்பாமல் எங்கள் ஆட்கள் இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் விடுதலை கிடைத்தது. சின்ன உணவகத்தில் அக்காவுக்கு ரிபொல்லீத்தா சொன்னேன். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை மாதிரி ஒரு கோஸ் இலை, எல்லாம் சேர்ந்து கெட்டியான சூப். பேருக்குப் பொருள் 'மறுபடி கொதித்தது'. அக்கா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "சுண்டக்கொழம்பு. ஊறுகாய் இருந்தா இன்னும் எறங்கும்" என்றாள். எட்டு நாளில் அவள் தட்டை வழித்தது அன்றுதான். ரொட்டியில் மட்டும் உப்பே இல்லை. கேட்டால், அந்தக் காலத்தில் பீசாக்காரர்கள் உப்பை வழிமறித்த கோபத்தில் விட்டது என்று பரிமாறியவர் கதை சொன்னார். பில்லில் ஆளுக்கு 2.50 யூரோ தனியாக ஏறியிருந்தது. என்னவென்றால், உட்கார்ந்ததற்கும் அந்த உப்பில்லாத ரொட்டிக்கும்.

மாலை, ஆர்னோ நதிக்கு அந்தப் பக்கம் மேட்டில் மைக்கலாஞ்சலோ திடல். அங்கும் ஒரு டேவிட், பச்சை ஏறிய வெண்கலத்தில். யாரும் வழிகாட்டியைக் கேட்கவில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க ஒரே ஓட்டு நிறத்தில் கீழே கிடந்தது. பழைய பாலம் பொந்தே வெக்கியோ கடைகளைத் தோளில் சுமந்துகொண்டு நின்றது. 1345இல் கட்டியது. 1944இல் ஜெர்மானியப் படை பின்வாங்கும்போது மற்ற எல்லாப் பாலங்களையும் தகர்த்துவிட்டு இதை மட்டும் விட்டுப்போனது. இன்று முழுக்க நகைக்கடை. 1593க்கு முன்னால் இறைச்சிக் கடைகளாம். நாற்றம் தாங்காமல் ஆட்சியாளர் காலிசெய்யச் சொல்லித் தங்கக்காரர்களை உட்காரவைத்தார்.

விடைபெறும்போது வழிகாட்டி அம்மா மேற்கே, நதி போகும் திசையில் குடையை நீட்டினார். "அங்கே உங்கள் ராஜா ஒருவர் இருக்கிறார். என் இந்தியக் குழுக்கள் ஒன்றுகூட அங்கே போவதில்லை" என்றார். பின்னாலிருந்து விசில் வந்தது. பனீர் காத்திருந்தது.

மே 28, செவ்வாய்: ஓடிப்போன மூன்று பேர்

இன்று குழுவுக்குப் பீசா. சாய்ந்த கோபுரத்துக்கு ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது, திரும்பி வராது. "நான் வரல" என்று நான் சொன்னதும் அக்கா, "அப்ப நானும்" என்றாள். இரவே பெங்களூரிலிருக்கும் மகன் இணையத்தில் துழாவி அக்காதெமியாவுக்கு ஒன்பதரை மணிக்கு மூன்று டிக்கெட் பிடித்துவிட்டான், முன்பதிவோடு ஆளுக்கு 20 யூரோ. மூன்றாவது டிக்கெட் கிருஷ்ணகிரி அண்ணாவுக்கு. மேனேஜர் தம்பி எங்களிடம் ஒரு தாளில் 'சொந்தப் பொறுப்பில்' என்று எழுதி வாங்கிக்கொண்டான்.

பிராத்தோ ரயிலடியில் ஒரு சம்பவம். காகித டிக்கெட்டை வாங்கினால் போதாது, ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி நேரம் குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். எங்களுக்கு எங்கே தெரியும். ரயில் வருகிற சத்தம் கேட்கிறது, ஒரு கிழவி என் கையிலிருந்த டிக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். "திருடி!" என்று அக்கா கத்தியேவிட்டாள். நல்லவேளை தமிழில். கிழவி மூன்றையும் குத்திக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

அக்காதெமியா. உள்ளே நுழைந்து திரும்பினால் நீண்ட கூடம், கடைசியில் அவன். நேரே அங்கே ஓடிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அண்ணா மட்டும் ஓடவில்லை. கூடத்தின் இருபுறமும் நிற்கும் முடிக்கப்படாத சிலைகளிடம் நின்றுவிட்டார். கைதிகள் என்று பெயர். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகச் செதுக்கத் தொடங்கி, பாதியில் நின்றவை. ஓர் ஆளுக்கு வயிறு முழுசாக வந்திருக்கிறது, தலை இன்னும் கல்லுக்குள். "பாருங்கம்மா, சீப்பு மாதிரி பல்லு வச்ச உளி. வரி வரியா இழுத்திருக்காரு. பாலிஷ் போட்டுட்டா இது தெரியாது. கை எங்க நின்னுச்சுன்னு இதுலதான் தெரியும்" என்றார். ஒவ்வொரு சிலைக்கும் கால்மணி நேரம். காவலர் எங்களை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

டேவிட் 5.17 மீட்டர். படத்தில் பார்க்கும்போது ஆள் உயரம் என்றுதான் மனதில் இருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக மேலிருந்து வெளிச்சம் இறங்கி, தோளில் போட்ட கவணின் வார்கூடத் தனியாகத் தெரிந்தது. வலது கையில் நரம்பு புடைத்திருந்தது. நேற்றைய நகலிலும் அதே நரம்பு இருந்திருக்க வேண்டும். வெயிலில், காதுக்கருவியோடு, மூன்றே நிமிடத்தில் நான் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நகலின்மேல் குற்றமில்லை.

அந்தக் கல்லின் கதை அண்ணாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1464இல் வேறொரு சிற்பி தொடங்கிக் கைவிட்டது. பிறகு இன்னொருவர், அவரும் விட்டுவிட்டார். கதீட்ரல் முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் கால் நூற்றாண்டு கிடந்தது. 1501இல் 26 வயது மைக்கலாஞ்சலோ அதை ஏற்று, 1504இல் முடித்தார். "ஒருத்தன் வெட்டிவிட்ட பிளாக்கை இன்னொருத்தன் எடுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாங்க அதை ஜல்லிக்குத் தள்ளிடுவோம்" என்றார். செய்துமுடித்த சிலையைப் பட்டறையிலிருந்து சதுக்கத்துக்குக் கொண்டுபோக 40 பேருக்கு நாலு நாள். எண்ணெய் பூசிய கட்டைகள்மேல் உருட்டியிருக்கிறார்கள். நடந்தால் பத்து நிமிட தூரம்கூட இல்லை. 1527இல் ஒரு கலவரத்தில் மேலிருந்து பெஞ்சை வீசி இடது கையை உடைத்தார்கள். 1873இல்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். கணுக்காலில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்று படித்ததிலிருந்து அண்ணா முகத்தைப் பார்க்கவே இல்லை, கணுக்காலையே சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு மணிநேரம் இருந்தோம். யாரும் விசில் ஊதவில்லை.

வெளியே வந்ததும் பசி. தள்ளுவண்டிக் கடை ஒன்றில் ஒரே கூட்டம். லாம்பிரெதொத்தோ, 5 யூரோ. மாட்டின் நான்காவது இரைப்பையைக் குழம்பில் வேகவைத்து, நறுக்கி, பன்னுக்குள் வைத்து, பச்சைச் சட்னி மாதிரி ஒன்றை ஊற்றி, பன்னின் மூடியைக் குழம்பில் ஒரு முக்கு முக்கித் தருகிறார்கள். "போட்டி தானே?" என்று அண்ணா வாங்கினார். என்ன மாடு, எந்தப் பை என்று நான் விளக்கியபோது பாதி முடிந்திருந்தது. மீதியையும் முடித்துவிட்டு, கையை நக்கிக்கொண்டு, "பஸ்ஸுல சொல்லவேண்டாம்மா" என்றார். அக்கா தள்ளிப்போய் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்தா, 3.50 யூரோ. நல்ல பச்சையில் இல்லாமல் மங்கலாக இருந்தால் அதுதான் உண்மையான பிஸ்தா என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் நல்ல அபிப்பிராயம்தான்.

பிறகு டிராம், 1.70 யூரோ. காஷினே பூங்கா. செவ்வாய்க்கிழமை நதியோரம் முழுக்கச் சந்தை. துணி, செருப்பு, பாலாடைக்கட்டி, சட்டி பானை. சுற்றுலாக்காரர்களே இல்லை, பையை இழுத்துக்கொண்டு வீட்டுப் பெண்கள்தான். பொறுக்கிப் போட்ட மேஜையில் அக்கா 5 யூரோவுக்கு ஒரு பருத்திச் சட்டை எடுத்தாள். கடைக்காரரிடம் மூன்று விரலைக் காட்டினாள். அவர் நெஞ்சில் கைவைத்து மூர்ச்சையாவதுபோல் நடித்து, அப்புறம் நாலுக்குக் கொடுத்தார். பதினோரு நாள் பயணத்தில் அவளுடைய ஆகச் சிறந்த தருணம் அது என்று இப்போதும் சொல்கிறாள்.

ராஜாவைத் தேடிப் பூங்காவின் மறுகோடிக்கு நடந்தோம். நாயோடு வந்த ஒரு முதியவரிடம் "இந்தியானோ?" என்றேன். கையை நேரே நீட்டி, நேரே, நேரே என்றார். இருபது நிமிடம் கழித்து சைக்கிள்காரர் ஒருவரும் நேரே என்றார். நம் ஊரில் 'இதோ பக்கத்துலதான்' சொல்கிறவர்களின் உறவுக்காரர்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, வானம் வேறு கறுத்தது.

மரங்கள் விலகிய இடத்தில் நாலு தூண், மேலே வண்ணம் தீட்டிய மாடம், கீழே தலைப்பாகையோடு ஓர் இளைஞனின் மார்பளவுச் சிலை. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம். லண்டன் போய்விட்டுத் திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30 அன்று இந்த ஊர் ஹோட்டலில் இறந்துபோனார். வயது இருபதுதான். எரிப்பதற்கு இங்கே வழக்கம் கிடையாது. நகர அதிகாரிகள் தனியாக அனுமதி கொடுத்து, ஆர்னோவும் முஞ்ஞோனேயும் கூடும் இந்தக் கரையில் சிதை அடுக்கவிட்டார்கள். இரண்டு ஆறு சேருமிடம் வேண்டும் என்று உடன் வந்தவர்கள் கேட்டிருப்பார்கள் என்று அக்கா சொன்னாள். 1874இல் இந்த மண்டபம். பக்கத்தில் பின்னாளில் வந்த பெரிய பாலத்துக்கும் 'இந்தியன் பாலம்' என்றே பெயர்.

பீடத்தில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. நாங்கள் ஆங்கிலத்தைப் படித்தோம். அண்ணா தூணைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ராஜாவின் மாடம் அவருக்கு மட்டும்தான், சுற்றிலும் கம்பிவேலி. நாங்கள் மூன்று பேரும் ஒரு மரத்தடியில் அக்காவின் நாலு யூரோச் சட்டையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு அரைமணி நின்றோம்.

மே 29, புதன்: ரோமுக்கு

காலை ஏழரைக்குப் பஸ். மேனேஜர் தம்பி தலை எண்ணினான். 38 வந்ததும் எங்கள் மூன்று பேரையும் தனியாக இன்னொரு தடவை எண்ணினான். டேவிட் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி 'கொள்கை அளவில்' ஒப்புக்கொண்டதாம். இதை எழுதும் நாள்வரை கொள்கை அளவிலேயே இருக்கிறது.

பஸ் முழுக்க எல்லோர் போனிலும் பீசா கோபுரம், எல்லோரும் அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. ஒருவர் மட்டும் காலால் உதைத்துக்கொண்டு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, கோபுரத்தை நானும் பார்த்திருக்கலாம்.

"டேவிட் எப்படிங்க இருந்துச்சு?" என்று பின்சீட்டு அம்மா எட்டிப்பார்த்துக் கேட்டார்.

அக்கா கொஞ்சநேரம் யோசித்தாள்.

"கை கொஞ்சம் பெருசு" என்றாள்.